நன்றாக அமுங்கும் பச்சைப் பட்டன்

பிப்ரவரி 9

அன்புள்ள சின்னு,

அம்மாவுக்கு என்மேல் என்ன கோபம்?

சுற்றி வளைத்துக் கேட்க எனக்கு வராது. அதனால் முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன். அவள் பச்சைப் பட்டனை அமுக்கி மூன்று நான்கு மாதம் ஆகிவிட்டது. முன்பெல்லாம் நான் பல் துலக்கும்போதே போன் ‘அம்மா’ என்று துள்ளும். வாயில் நுரையோடு நின்று பதில் எழுதியிருக்கிறேன். இப்போது அந்த நேரத்தில் பல் மட்டும் துலக்குகிறேன்.

எனக்கு வேறு வழியும் இல்லை. காதுக் கருவியை அவள் டப்பாவிலேயே பத்திரமாக வைத்திருக்கிறாள், போனில் பேசிப் பயனில்லை. வீடியோவில் வந்தால் என் உதடு அசைவது மட்டும் தெரிந்து, ஒன்றும் கேட்காத ஆத்திரத்தில் அழுகிறாள் என்று நீதான் வேண்டாம் என்றாய். மிச்சம் இருப்பது அந்தப் பழைய டேபும், நாம் இருவரும் சேர்ந்து செய்து கொடுத்த அந்த ஒரே ஒரு வலைப்பக்கமும்தான். பச்சை எனக்கு, நீலம் உனக்கு. அவள் பச்சையை அமுக்கினால்தான் எனக்குப் பதில் எழுதும் பெட்டி திறக்கும். அப்படிக் கட்டியது நீ. “இல்லன்னா நீ நாள் முழுக்க அம்மாவுக்கு உத்தரவு போட்டுக்கிட்டே இருப்பே” என்று சிரித்தாய். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கோபம் இல்லையென்றால் கண்ணா? தட்டையான பட்டன்களை அவள் பட்டன் என்றே ஒப்புக்கொள்வதில்லை, “இது ஏதோ எழுதியிருக்கு” என்று தாண்டிப் போய்விடுகிறாள் என்றுதானே அந்தக் காலத்து வலைப்பக்கங்களில் வருமே, புடைத்துக்கொண்டு பளபளவென்று, அந்த மாதிரி செய்து கொடுத்தேன். அதுவும் இப்போது தெரியவில்லையா? டேப் ஜன்னல் பக்கம் இருக்கிறதா? வெளிச்சம் விழுந்தால் பச்சை வெளிறும். விவரமாக எழுது. அவளுக்கு என் முத்தம் ஒன்று கொடு.

அக்கா

*

பிப்ரவரி 16

அக்கா,

அம்மா நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், எதிர்வீட்டுக்காரர் வண்டி நிறுத்தும் லட்சணத்தைக் குறை சொல்கிறாள். கோபம் எதுவும் இல்லை. வயதானால் சில பழக்கம் விட்டுப்போகும். பட்டன் பக்கம் அவ்வளவாகப் போவதில்லை.

வெளிச்சம் விழுகிறதா என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. எனக்கு இங்கே இரண்டு கடைக்காரர்கள் வலைப்பக்கம் கேட்டுக் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ போன பிறகு கண்ணுக்குத் தெரியும் பூச்சும் நானே, உள்ளே ஓடும் கம்பியும் நானே. பூச்சு எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். போன வாரம் செய்ததைப் பார்த்து ஒருவர் “இது ஏன் அரசாங்க நோட்டீஸ் மாதிரி இருக்கு?” என்றார்.

நீ ரொம்ப யோசிக்காதே.

சின்னு

*

பிப்ரவரி 21

சின்னு,

பழக்கம் விட்டுப்போகும் என்று நீ எழுதியதை நான் ஏற்கவில்லை. குறை பட்டனில்தான் இருக்க வேண்டும். எதிர்வீட்டு வண்டி தெரிகிற கண்ணுக்கு என் பச்சை தெரியவில்லை என்றால் அது என் தப்பு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து புதிதாகச் செய்திருக்கிறேன். இணைத்திருக்கும் கோப்பைப் பழையதற்குப் பதிலாகப் போடு.

இதிலும் படம் ஒன்றுகூட இல்லை, நிறம், நிழல் எல்லாம் வரி வரியாக எழுதியே வரவைத்த சிஎஸ்எஸ். அந்த நாளில் இப்படி ஒரு பட்டனை வரைந்து படமாக ஒட்டுவார்கள். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். நாம் அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் பெரிதாக்கிக்கொண்டே போகிறோம், உடையக் கூடாது. ஓரத்தை இன்னும் உருட்டியிருக்கிறேன். மேல் பாதி வெளிர்பச்சையில் தொடங்கி நடுவரை வரும், நடுவில் குழைவே இல்லாமல் வெட்டினாற்போல் அடர்பச்சைக்கு மாறும். கண்ணாடி மாதிரி தெரிவது அந்த வெட்டினால்தான். எல்லோரும் அங்கே குழைத்துவிட்டு ஏன் பளபளப்பு வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அடியில் மறுபடி வெளிச்சம் ஏறும், உள்ளே விளக்கு எரிகிற மாதிரி. தலைமேல் வெள்ளையாக ஒரு நீள்வட்டம், ஈரமான ஜெல்லி மிட்டாயில் இருக்குமே அது.

இதையெல்லாம்விட நான் உயிரைக் கொடுத்தது அமுங்குவதற்கு. விரல் பட்டதும் நிழல் உள்ளே போகும், நிறம் தலைகீழாகும், மொத்தப் பட்டனும் இரண்டு புள்ளி கீழே இறங்கும். விரலை எடுத்ததும் உடனே குதிக்காமல் நிதானமாக எழும்பும். காது கேட்காதவளுக்கு ‘டிக்’ என்ற சத்தத்தைக் கண்ணிலேயே கொடுக்க வேண்டும் இல்லையா? ‘அமுக்கிவிட்டேன், பெரியவளுக்குப் போய்விட்டது’ என்று அவள் சந்தேகமே இல்லாமல் நம்ப வேண்டும்.

போட்டுவிட்டு அம்மா என்ன சொன்னாள் என்று எழுது.

பூச்சுக்காரி

*

மார்ச் 1

அக்கா,

போட்டுவிட்டேன். அழகாக இருக்கிறது, உன் கைக்குக் கேட்கவா வேண்டும். அம்மாவுக்குக் காட்டினேன். “முன்னைக்கு இப்ப நல்லா அமுங்குதே” என்றாள். சந்தோஷம்தான்.

ஆனால் உடனே போன் துள்ளும் என்று காத்துக்கொண்டு உட்காராதே. அவளுக்கு இப்போது பகலெல்லாம் தூக்கம். நேரம் கிடைக்கும்போது அமுக்குவாள். அமுக்காவிட்டாலும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

கடைக்காரர்கள் பக்கத்துக்கு உன் பச்சையைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன். சிவப்பாக மாற்றினால் போதும்.

சின்னு

*

மார்ச் 12

சின்னு,

போனில் பேசினால் கத்திவிடுவேன். கத்தினால் அதைப் பிடித்துக்கொண்டு நீ விஷயத்தை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஆபீசில் பக்கத்து இருக்கைக்காரி பழைய பாணியில் ஒரு பக்கம் செய்வதற்காகப் பட்டன்களைப் படமாக வரைந்துகொண்டிருந்தாள். “படமே வேணாம், இங்க வா” என்று பெருமையாகக் கூப்பிட்டு அம்மாவின் பக்கத்தைத் திறந்தேன். இத்தனை நாளில் அந்தப் பக்கத்தை நான் முழுதாகத் திறந்தது அதுதான் முதல் தடவை. என் கோப்பைத் தனியாக வைத்து அழகு பார்ப்பேன், உன்னிடம் கொடுப்பேன், அத்தோடு என் வேலை முடிந்தது. உன் வேலையை எட்டிப் பார்ப்பது நம் தொழிலில் என்றுமே கிடையாது. நாம் இருவரும் சேர்ந்து வலைப்பக்கக் கடை நடத்திய காலத்திலும் கிடையாது. உன்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவள் பச்சையை அமுக்கினாள். “அய்யோ, எவ்ளோ அழகா அமுங்குது!” என்றாள். நான்கு பேர் வந்து கூடிவிட்டார்கள். ஒருவர் “அமுக்கினா என்ன ஆகும்?” என்று கேட்டார். “என் போன் அடிக்கும்” என்றேன். போன் மேசையில்தான் கிடந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம். மறுபடி அமுக்கினாள். பட்டன் இறங்கியது, நிதானமாக எழும்பியது. போன் செத்த மாதிரி கிடந்தது. “நெட்வொர்க்கா இருக்கும்” என்று அவர்கள் எனக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டே கலைந்து போனார்கள். அதுதான் அவமானம்.

எல்லோரும் போன பிறகு நீலத்தை அமுக்கினேன். மதியம் உன் போன் அடித்து, நீ அம்மாவின் அறைக்கு ஓடியிருப்பாயே, அது நான்தான்.

பிறகு உன் கோப்பைத் திறந்தேன். பச்சையை என் போனோடு இணைக்கும் வரியை நீ அழிக்கக்கூட இல்லை. அதன் முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு, அந்த வரி மட்டும் வேலை செய்யாதபடி அணைத்துவிட்டு, பக்கத்தில் ‘பிறகு’ என்று எழுதி வைத்திருக்கிறாய். எந்தப் பிறகு? போன அக்டோபரில் அணைத்திருக்கிறாய், தேதியும் இருக்கிறது.

“முன்னைக்கு இப்ப நல்லா அமுங்குதே” என்று அம்மா சொன்னதாக நீயே எழுதினாய். முன்பு எப்படி அமுங்கியது என்று தெரிந்தவள் பட்டன் பக்கம் போகாதவளா? அவள் அமுக்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். அமுக்கிவிட்டு, அது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று நம்பி, பதிலுக்குக் காத்திருந்திருக்கிறாள். நான் பதில் போடவில்லை என்று நினைத்திருக்கிறாள். நீ பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். என் கோப்பை, அவள் நன்றாக நம்ப வேண்டும் என்று நான் செய்து அனுப்பிய கோப்பை, செத்த பட்டன்மேல் நீயே உன் கையால் போர்த்தினாய்.

முதுகில் குத்துகிறவர்கள் தங்கள் கத்தியைக் கொண்டுவருவார்கள். நீ என்னிடமே வாங்கிக் குத்தியிருக்கிறாய். நான் அனுப்பிய முத்தத்தையாவது கொடுத்தாயா?

*

மார்ச் 19

அக்கா,

ஓடினேன். அம்மா போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். யாருமே அமுக்காமல் நீலம் அடித்தது என்றால் நீதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து உன் கடிதத்தைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுக்கப் போவதில்லை. ஆனால் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அக்டோபரில் நீ அவளுக்குத் திரையில் என்ன எழுதினாய், நினைவிருக்கிறதா? “அடுத்த மாசம் வந்து உன்னைக் கூட்டிக்கிட்டுப் போறேன்.” திரை நிறைய, கொட்டை எழுத்தில். உனக்கு அது அன்றைக்கு வாயில் வந்த ஒரு அன்பான வார்த்தை. அவள் அன்று சாயங்காலமே பையை எடுத்துவிட்டாள். தினமும் காலையில் முகம் கழுவி, தலை வாரி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மாத்திரை கொடுத்தால் “வேணாம். அங்க போயி புது டாக்டர்கிட்ட காட்டிக்கிறேன். பெரியவ பாத்துக்குவா” என்பாள். நான் யார், வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்த ஆள் போல.

ஒரு நாள் வெளியே ஏதோ கார் நின்றது. நீ வந்துவிட்டாய் என்று நினைத்துப் பையோடு எழுந்து, கால் தடுக்கி, கதவு நிலையில் மோதி விழுந்தாள். தோளில் அடி. எலும்பு உடையவில்லை, கட்டுப் போட்டார்கள். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீ எனக்கு போன் செய்து “நீ என்ன பண்ணிட்டிருந்தே?” என்று கேட்பாய். அம்மா அமுக்கும்போதெல்லாம் அதைத்தானே கேட்பாய். அவளுக்குத் திரையில் அன்பு, எனக்கு போனில் விசாரணை.

அன்றைக்கு அணைத்தேன். தோள் சரியாகும்வரை என்றுதான் ‘பிறகு’ என்று எழுதினேன். அணைத்த பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அவள் மாத்திரை சாப்பிட்டாள். பை பழையபடி அலமாரிக்குப் போனது. எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? நிம்மதியைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

பெரிய கம்பெனிக்குப் போகும்போது நீ என்ன சொன்னாய்? “ஒரு வருஷம்தான், அப்புறம் நம்ம கடையைத் திரும்ப நடத்தலாம்.” அறையில் உன் நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தேன். இப்போது அதில் துணி மடித்து வைக்கிறேன். வருகிறேன் என்று சொல்லி வராமல் இருப்பது உனக்கு ஒன்றும் புதிதில்லை, அக்கா. எனக்குச் செய்ததை அம்மாவுக்கும் செய்கிறாய் என்று பார்த்தபோது எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

நீ அனுப்பிய முத்தத்தை முதல் தடவை கொடுத்தேன். “என்னைப் பத்திக் கேட்டாளா? அப்ப ஏன் பதில் போடல?” என்றாள். அதன் பிறகு கொடுக்கவில்லை.

நீ கேட்கப் போவது எனக்குத் தெரியும், அம்மாவிடம் சொல்லச் சொல்வாய். யோசித்துச் சொல். நான் ஏமாற்றினேன் என்று தெரிந்தால் என் கையால் அவள் மாத்திரை வாங்க மாட்டாள். வேறு கையும் இந்த வீட்டில் இல்லை.

சின்னு

*

மார்ச் 24

சின்னு,

நான் வருகிறேன் என்று எழுதியது தப்பு. வராதது அதைவிடத் தப்பு. உன் நாற்காலிக்கும் நான் பதில் சொல்ல வேண்டும், சொல்கிறேன், ஆனால் இன்றைக்கில்லை. அதையும் இதையும் ஒரே தராசில் வைக்க நான் விட மாட்டேன். நான் வாக்குக் கொடுத்து ஏமாற்றினேன் என்றால் நீ என்னைத் திட்டியிருக்கலாம், போனை எடுக்காமல் இருந்திருக்கலாம். பட்டனையே வெளிப்படையாக எடுத்திருக்கலாம். ‘அக்கா பட்டன் இனிமேல் கிடையாது’ என்று அவளிடம் சொல்லியிருந்தால் அவள் உன்னோடு சண்டை போட்டிருப்பாள், என்னை நினைத்து ஏங்கியிருப்பாள். ஆனால் நான் அவளைக் கை கழுவிவிட்டேன் என்று நினைத்திருக்க மாட்டாள்.

அவள் விழுந்ததும் எனக்குத் தெரியாது, தோளில் கட்டுப் போட்டதும் எனக்குத் தெரியாது. அந்தக் கையால்தானே என் பட்டனை அமுக்கியிருப்பாள்.

இத்தனை மாதம் பதில் வராமல் அவள் என்னதான் சொன்னாள் என்று நீ எழுதவே இல்லை. எழுத வேண்டாம், எனக்குத் தெரியும். “அவளுக்கு வேல இருக்கும், பாவம்” என்று சொல்லியிருப்பாள். அம்மா அங்கே எனக்காகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் இங்கே ஞாயிற்றுக்கிழமையில் பச்சைக்கு மெருகேற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். என் காதில் பூ வைக்க உனக்கு ஒரு வரிக் கடிதம் போதுமாக இருந்தது.

மாத்திரையைச் சொல்லி என்னை மிரட்டாதே. நீ மிரட்டுவதற்காக எழுதவில்லை என்று தெரியும், ஆனாலும் மிரட்டல்தான். நான் சொல்லலாம் என்றால் எனக்கு வழி இல்லை, வழியை அடைத்தது நீ. காகிதத்தில் எழுதினாலும் உன் கையைத் தாண்டித்தான் அவளுக்குப் போகும். நீதான் சொல்ல வேண்டும். முதலில் கம்பியைச் சேர், பிறகு சொல். நான் அவளை மறந்தேன் என்று நினைத்துக்கொண்டே அவள் ஒரு நாள்கூட அதிகமாக இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது மட்டும்தான்.

*

ஏப்ரல் 2

அக்கா,

சொல்லிவிட்டேன்.

காதில் கத்திச் சொல்கிற விஷயமா அது? டேபை எடுத்து, நீ எழுதுகிற அதே இடத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன். ‘அக்கா மேல் தப்பில்லை. பச்சைப் பட்டன் அவளுக்குப் போகாமல் நான்தான் அணைத்து வைத்தேன். நீ அமுக்கியது எதுவும் அவளுக்குப் போகவில்லை.’ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். முடித்துவிட்டு மறுபடி மேலே போய் முதலிலிருந்து வாசித்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

“அமுங்குச்சே” என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். “நல்லா அமுங்குச்சேடி. போயிருச்சுன்னுல்ல நெனச்சேன்” என்றாள். பிறகு நீலத்தை அமுக்கினாள். என் கையில் இருந்த போன் அடித்தது. போனைப் பார்த்தாள், மறுபடி நீலத்தை அமுக்கினாள். அடித்தது. எதிரிலேயே நின்றுகொண்டிருந்த என்னை, பட்டனை அமுக்கி அமுக்கிச் சரிபார்த்தாள். நான் அழுதேன். அவள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பச்சையைச் சேர்த்துவிட்டேன், நான் அமுக்கிப் பார்த்ததில் உன் போன் அன்று அடித்திருக்கும். அது அம்மா இல்லை. அவள் தொடவில்லை. இப்பவாவது அமுக்கு, அக்காவுக்குப் போகும் என்று எழுதிக் காட்டினேன். “அமுங்குறதெல்லாம் நம்ப மாட்டேன். அவளை நேர்ல வரச் சொல்லு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “வந்து கதவத் தட்டினா எனக்குக் கேக்காது. உள்ள வந்து தோளத் தொடச் சொல்லு” என்றாள்.

ராத்திரி மாத்திரை கொடுத்தேன். வாங்கினாள். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது நெசமாவே அந்த மாத்திரதானா?” என்று கேட்டாள். அட்டையைக் கொண்டுவந்து பெயரைக் காட்டிய பிறகுதான் போட்டுக்கொண்டாள். இப்போது மூன்று வேளையும் அட்டையோடுதான் போகிறேன். நீ கேட்டது நடந்துவிட்டது. உன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. என்மேலும் கோபம் இல்லை. கோபம் என்றால் எனக்கு எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

வா, அக்கா. எனக்காக இல்லை.

சின்னு

*

ஏப்ரல் 6

சின்னு,

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். இருபதாம் தேதி காலையில் வந்து சேருவேன். திரையில் எழுத மாட்டேன். அம்மாவிடம் நீயும் சொல்லாதே, சொன்னால் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். இந்த ஒன்றை மட்டும் அவளிடம் மறைத்து வை. மறைக்க உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாத்திரையைப் பற்றி எழுதியதை வாசித்து எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தாயா? இல்லை. ஆனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்றும் நினைத்துக்கொள்ளாதே. ஒரே வீட்டில் இருக்கப் போகிறோம், பேசுவேன், சாப்பிடுவேன். உன் கோப்பு எதையும் இனிமேல் திறந்து பார்க்காமல் விட மாட்டேன்.

நாற்காலியில் இருக்கும் துணியை எடுத்து வேறெங்காவது வை.

அவள் விழுந்தது எந்தப் பக்கத் தோள் என்று நீ எழுதவில்லை. இன்னும் வலி இருக்கிறதா? எந்தப் பக்கம் என்று எழுது, நான் மறுபக்கம் தொடுகிறேன்.

அக்கா